ஒரு கிலோமீட்டர் மௌனம்

இப்படிக் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. ஊரே வாயைப் பொத்திக்கொண்டு நடந்த கதை. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்தைத் திடல் வரைக்கும் ஒரு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். மௌன ஊர்வலம் என்று அதற்குப் பேர். ஆனால் அதில் நடந்தவர்கள் மண்டைக்குள்ளே போட்ட இரைச்சலை வெளியே திறந்து விட்டிருந்தால் நாலு ஊர் காது கிழிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது அதில் ஒரே ஒரு மண்டைதான். முன்வரிசையில் இடதுபக்கத்திலிருந்து மூன்றாவது ஆளாக நடந்த ஒச்சம்மாவுடையது. கருக்கம்பட்டிப் பேரூராட்சிக்கு அவள்தான் தலைவி. செத்துப் போனவர் சுருளிநாதன், அவளுக்கு முந்தின தலைவர், எதிர்க்கட்சி. இருபது வருஷம் ரெண்டு பேரும் எதிரெதிரே நின்றவர்கள். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், எங்கள் பக்கத்து வழக்கப்படி எல்லாக் கட்சிக்காரரும் சேர்ந்து வாயைத் திறக்காமல் நடக்கணும், நடை முடிகிற இடத்தில் இரங்கல் கூட்டம். உசிரோடு இருந்தபோது யார் யார் அந்த மனுஷனை எப்படியெல்லாம் வைதார்களோ, அத்தனை பேரும் வரிசையாக மேடையேறி, ஈடு செய்ய முடியாத இழப்பு என்று சொல்லிவிட்டு இறங்கணும். செய்யாவிட்டால் ஊர் ஏசும்.

சித்திரை மாசம், நாலரை மணி, தார் ரோடு இன்னும் செருப்பைப் பிடித்து இழுத்தது. கறுப்புப் பட்டையைக் குத்தின ஊக்கு சேலையைத் தாண்டித் தோளில் லேசாக இறங்கியிருந்தது. எடுத்துச் சரியாகக் குத்தலாம், ஆனால் கையைத் தூக்கினால் எவனாவது போட்டோ எடுப்பான், அமரர் ஊர்வலத்தில் அலங்காரம் பண்ணிக்கொண்ட தலைவி என்று போடுவான், வேண்டாம், குத்தட்டும். பக்கத்தில் ஜெயபாண்டி வந்தான். அவளுடைய கட்சிக்கு நகரச் செயலாளர். ஒரு கன்னத்தில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, கண்ணை இடுக்கி இடுக்கி ரெண்டு சொட்டு வரவழைத்திருந்தான். மேலே கண்ணீர், கீழே வாயோரத்தில் சிவப்பாக ஒரு கோடு, ரெண்டும் தாடையில் போய்ச் சேரப் பார்த்தன. துக்க ஊர்வலத்தில் துப்ப முடியாது, விழுங்கவும் மனசில்லை. இவன்தானே போன தேர்தலில் சுருளிநாதன் வீட்டு வாசலில் நின்று, பாடைக்கு மூங்கில் வெட்டியாச்சு என்று கத்தினவன். அந்த வாய்தானே இது. ஒச்சம்மாவுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு குமட்டல் மேலே ஏறி நெஞ்சுக்குழியில் நின்றது. அவனைப் பார்த்து வந்ததா, அன்றைக்கு அந்தக் கத்தலைக் கேட்டுச் சிரித்த தன்னை நினைத்து வந்ததா, அவளால் பிரிக்க முடியவில்லை.

"அக்கா," என்றான் உதடு அசையாமல். "ம்." "மாவட்டச் செயலாளர் ரெண்டு தடவை கூப்பிட்டாராம். நீங்க போனை எடுக்கலையாம்." "மௌன ஊர்வலத்துல எப்படிடா எடுக்கிறது?" "பஸ் ஸ்டாண்டு பேரு பத்தி மேடையில எவனாச்சும் கேட்டா, முடியாதுன்னு மட்டும் சொல்லிற வேணாம்னாரு. மேலத்தெரு நாலு வார்டும் கையை விட்டுப் போயிரும்னாரு." "அப்ப சரின்னு சொல்லச் சொன்னாரா?" "அதையும் சொல்லச் சொல்லலை." "பெறகு என்னதான்டா சொன்னாரு?" "பாத்துப் பேசச் சொன்னாரு." ஒருவழியாக அந்தச் சாற்றை விழுங்கினான். விழுங்கின சத்தம் கேட்டது.

அதுதான் சங்கதி, வேறொன்றும் இல்லை. ஊருக்குப் புது பஸ் ஸ்டாண்டு. ஒச்சம்மா கலெக்டர் ஆபீசுக்கும் சென்னைக்கும் பதினோரு வருஷம் நடந்து, கால் ஆணி ரெண்டு தடவை அறுத்து, வாங்கிக்கொண்டு வந்த பஸ் ஸ்டாண்டு. அடுத்த மாசம் திறப்பு. வளைவு எழும்பி நிற்கிறது, அதில் பேர் எழுதுகிற இடம் மட்டும் வெள்ளையாகக் காலியாகக் கிடக்கிறது. சுருளிநாதன் ஆட்கள் அவர் மூச்சு நின்ற அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்கள், அவர் பேரைத்தான் வைக்கணும் என்று. ஒச்சம்மா வீடு அந்த பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்து. விடியக்காலம் நாலு மணிக்கு முதல் பஸ் வரும், கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, சுருளிநாதன் எல்லாம் இறங்கு, சுருளிநாதன் எல்லாம் இறங்கு என்று தகரத்தில் தட்டுவான். வாசல் தெளிக்கும்போது அந்தப் பேர். சோற்றில் கை வைக்கும்போது அந்தப் பேர். கம்பத்திலிருந்து வருகிற வண்டி, தேனியிலிருந்து வருகிற வண்டி, எல்லாவற்றின் நெற்றியிலும் அந்தப் பேர். உசிரோடு இருந்தபோதாவது அந்த ஆளு ராத்திரி தூங்கினான், இனிமேல் தூங்கவே மாட்டான். முடியாது என்று சொல்ல வேண்டாம், சரி என்றும் சொல்ல வேண்டாம், ஆலோசிப்போம் என்று ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்லிவிட்டுப் படி இறங்கிவிடுவது. ஆலோசிப்போம், ஆலோசிப்போம் என்று காலடிக்கு ஒன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

முன்னால் நாலு பேர் அவருடைய படத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்ல பெரிய படம், சிரிக்கிற படம், பல்லெல்லாம் தெரிந்தது. அந்தப் பல்லைத்தான் அவள் முதன்முதலில் பார்த்தாள். பெண்களுக்கு என்று ஏழாவது வார்டை ஒதுக்கி, ஆள் கிடைக்காமல் இவளை நிறுத்தி, ஜெயித்து வந்த முதல் கூட்டம். சுங்கடிச் சேலை, தலை நிறைய கனகாம்பரம். அங்கன்வாடி வாசலில் சாக்கடை தேங்கி நிற்கிறது, பிள்ளைகள் தாண்டிப் போகிறார்கள், இதைத்தான் கேட்கணும், இதையே ராத்திரி முழுக்கச் சொல்லிப் பார்த்திருந்தாள். எழுந்தாள். மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான். சுருளிநாதன் தோள் துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, ரொம்பப் பணிவாக, "ஏழாவது வார்டு உறுப்பினர் தாராளமாப் பேசட்டும். அதுக்கு முன்னாடி அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விட்டுருங்கப்பா," என்றார். ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை, அப்புறம் ஒருத்தன் புரிந்து சிரித்தான், அப்புறம் பதினாலு பேரும். செயல் அலுவலர் படித்தவர், பேனா மூடியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு சிரித்தார். இதையெல்லாம்கூட விடுங்க. பியூன் ஒருத்தன் மெனக்கெட்டு நடந்து போய் அந்த ஜன்னலைத் திறந்தான் பாருங்க, துருப்பிடித்த கொக்கியைத் தட்டித் தட்டி, அதுதான் இருபது வருஷமாக அவள் காதுக்குள் இருக்கிறது. அவனுக்கு அது வேலை. திறக்கச் சொன்னார்கள், திறந்தான். காற்று வந்தது. தீர்மானத் தாளெல்லாம் பறந்தது. அதைப் பொறுக்க நாலு பேர் குனிந்தார்கள், அந்த சமயத்தில் அவள் உட்கார்ந்துவிட்டாள். சாக்கடை அப்படியே கிடந்தது.

காரணம் என்னவென்றால் அவளுடைய அம்மா சிட்டம்மா குடல்காரி. கறிக்கடைக்குப் பின்னால் ஆட்டுக்குடலை வாங்கி, ஈர்க்குச்சியை விட்டு உள்பக்கத்தை வெளியே புரட்டி, சுண்ணாம்பு தேய்த்து, வெந்நீரில் அலசி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒச்சம்மா மூன்றாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனாள், அப்புறம் அதைத்தான் செய்தாள். வெதுவெதுப்பாக, வழுவழுப்பாக, விரலுக்குள் நழுவுகிற அந்தச் சாமான். அதில் அவளுக்கு அப்போது எந்த அருவருப்பும் இருந்ததில்லை, அதுதான் அதிசயம். சோறு போட்ட வேலை. பாட்டுப் பாடிக்கொண்டே புரட்டுவாள். கல்யாணம் முடிந்து பத்து வருஷமாகக் குடலைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் அந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து சந்தன சோப்பு ஒரு கட்டி கரைகிற வரைக்கும் குளித்தாள், தோல் எரிந்தது, ராத்திரி விரலை மூக்கில் வைத்துப் பார்த்தாள், நாற்றம் அடித்தது. இல்லாத நாற்றம். அவர் சொல்லிக் கொடுத்த நாற்றம். அன்றையிலிருந்து யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அரை முழம் தள்ளி உட்காருவாள், யாராவது மூக்கைச் சொரிந்தால் எழுந்து இடம் மாறிவிடுவாள். சிட்டம்மா செத்த அன்றைக்கு அம்மாவைக் குளிப்பாட்டும்போதுகூட அந்தக் கைகளைத் தூக்கி மோந்து பார்த்தாளே, பெத்தவள் கையை, பிணமாகக் கிடந்தவள் கையை. சீ. இப்போது நடந்துகொண்டிருக்கும்போதே வலதுகை தானாக முந்தானையை இழுக்கிற சாக்கில் மூக்குப் பக்கம் போனது. பாதியில் பிடித்து இறக்கினாள். இறக்கினதைப் படத்திலிருந்த பல் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆனால் ஒன்று சொல்லணும். அன்றைக்கு அந்த ஆளு ஜன்னலைத் திறக்கச் சொல்லாமல், உட்காரும்மா, சாக்கடையைப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தால், ஒச்சம்மா அஞ்சு வருஷம் தலையாட்டிவிட்டு மாடு மேய்க்கப் போயிருப்பாள். எரிச்சல்தான் அவளை எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்தது. அப்போது அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கூட்டம் ஆரம்பிக்கும்போது தீர்மான நோட்டை அனுப்புவார்கள், எழுதாத வெறும் பக்கத்துக்கு அடியில் உறுப்பினர் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வடையும் காபியும் சாப்பிட்டுப் போவார்கள், மேலே என்ன தீர்மானம் என்பதைத் தலைவர் பிற்பாடு வீட்டில் வைத்து நிரப்பிக்கொள்வார். நோட்டு இவளிடம் வந்தது. "எழுதாத தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். எழுதிட்டு வாங்க, வாசிச்சுட்டுப் போடுறேன்." "உனக்கு வாசிக்கத் தெரியுமாத்தா?" என்றார் சுருளிநாதன். "மெதுவாத் தெரியும். நீங்க உக்காருங்க, சாயங்காலம் வரைக்கும் வாசிக்கிறேன்." வாசித்தாள். விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக, உதட்டை அசைத்து, சாயங்காலம் வரைக்கும் வாசித்தாள், பதினாலு பேரும் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த கூட்டத்தில் இன்னொருத்தர் போட மாட்டேன் என்றார். அதற்கடுத்த கூட்டத்தில் நாலு பேர். அந்த ஆளின் நாற்காலிக் கால் அப்படித்தான் ஆட ஆரம்பித்தது. ஒரு தாள் பாக்கியில்லாமல் வாசித்து, வாசித்தே தலைவியானவள் அவள். அதைச் சொல்லிப் பெருமைப்படலாம்தான். ஆனால் அவளை எழுப்பி உட்கார வைத்த அந்தக் கை யாருடைய கை என்று யோசித்தால் வாய்க்குள் பித்தம் கசந்தது. துண்டைப் பிடித்து மூக்கில் வைத்த கைதானே அது.

மாரியம்மன் கோயில் திருப்பத்தில் ஊர்வலம் கொஞ்சம் தேங்கியது, எதிரே வைக்கோல் லாரி. அந்தத் தேக்கத்தில் பக்கவாட்டிலிருந்து ஒரு பெண் நகர்ந்து வந்து ஒரு தாளை நீட்டினாள். இளவஞ்சி, பன்னிரண்டாவது வார்டு, சுருளிநாதன் கட்சி, முப்பது வயசு இருக்கும், ஒல்லி. கூட்ட ஏற்பாடெல்லாம் அவள்தான். "தலைவரம்மா, இரங்கல் தீர்மானம். மேடையில வாசிக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா நல்லது." தாளின் தலையில் அந்தச் சிரிக்கிற படம் சின்னதாக அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே, தன்னலமற்ற, தாயுள்ளம் கொண்ட, என்று ரெண்டு சொல் கண்ணில் பட்டது. தாயுள்ளமாம். தாளின் ஓரத்தில் யாரோ சந்தனக் கையால் தொட்ட ஈரம். அதைத் தொடவே ஒச்சம்மாவுக்குக் கை கூசியது. "எல்லாம் புகழ்ச்சிதானே. நீயே வாசிச்சுக்க," என்றாள். "நெசமாவா தலைவரம்மா? பாக்க வேணாமா?" "அதான் சொல்றேன்ல." இளவஞ்சி தாளை நாலாக மடித்துக்கொண்டு, "சரிங்க தலைவரம்மா," என்று பின்னால் போய்விட்டாள். லாரி ஒதுங்கியது. வைக்கோல் தூசி எல்லார் தலையிலும் இறங்கியது.

இந்தப் பெண்ணைப் பார்த்தாலே அவளுக்கு ஒரு அருவருப்பு, கொஞ்ச நாளாக. பெண்மேல் இல்லை. ஆறு மாசத்துக்கு முந்தி மன்றக் கூட்டத்தில் குடிதண்ணீர் விஷயமாக இவள் எழுந்து விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள், கேட்டதெல்லாம் சரியான கேள்வி, அதனால்தான் எரிச்சல். இவளுடைய அப்பா ஊர் ஊராகக் கட்சி போஸ்டர் ஒட்டினவர். ஒச்சம்மா வாயிலிருந்து வந்து விழுந்தது: "ஒங்கப்பன் பசைவாளி இன்னும் காயலை, அதுக்குள்ள ஒனக்குத் தலைவரைக் கேள்வி கேக்கணுமோ? சொவத்தைப் பாத்து நிக்கிறதுதானே ஒங்க குடும்பத்துக்குப் பழக்கம், அங்கிட்டுத் திரும்பி நில்லு." மன்றம் சிரித்தது. அந்தச் சிரிப்பு. ஒருத்தன் முதலில், அப்புறம் எல்லாரும், அதே வரிசை, அதே இடைவெளி. இருபது வருஷத்தில் அந்த அறையில் ஆள் எல்லாம் மாறியாச்சு, சிரிப்பு மட்டும் அங்கேயே குடியிருந்திருக்கிறது. ஒச்சம்மாவுக்கு அந்தக் கணத்தில் வாய் இனித்தது, அதை மறைக்கக் கூடாது, நிஜமாகவே இனித்தது, வெல்லப்பாகு மாதிரி. அடுத்த கணம் அந்த இனிப்பு அழுகிவிட்டது. இளவஞ்சி அழவில்லை, வெளியே ஓடவில்லை. "தலைவரம்மா இப்ப சொன்னதை ஒரு வார்த்தை விடாமக் குறிப்புல ஏத்தச் சொல்லுங்க," என்றாள், உட்கார்ந்தாள். உட்கார்ந்தபோது சேலைக் கொசுவத்தை நீவினாள். அவ்வளவு சின்ன வயசில் தனக்கு அது தோன்றவில்லையே என்று ஒச்சம்மா அன்றைக்கு ராத்திரி முழுக்க நினைத்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்றும் நினைத்தாள். கேட்கவில்லை. தலைவி கேட்டால் நாற்காலி இளகிவிடும் என்று ஜெயபாண்டி சொன்னான், அவன் சொல்லாவிட்டாலும் கேட்டிருக்க மாட்டாள்.

இன்னும் ஒன்று இருந்தது, அதற்குப் பக்கத்தில் போகாமலே நடந்துவிடலாம் என்றுதான் அவள் பார்த்தாள், கால் நடக்க நடக்க நினைப்பு அதையே சுற்றிச் சுற்றி வந்தது. போன தேர்தல் சமயத்தில் சுருளிநாதனுக்கு வாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வீட்டுக்குள் சக்கர நாற்காலி. தேரடியில் ஒச்சம்மாவுக்கு மேடை, அவர் வீடு ரெண்டு தெரு தள்ளி மேலத்தெருவில். "பேசுன பேச்சுக்கெல்லாம் வாய் கோணிருச்சு, பாத்தீங்களா? எச்சியை நிறுத்தத் தெரியாதவரு எதிர்க்கட்சியை நடத்துறாராம்!" விசில் பறந்தது. அதுகூடப் பெரிசில்லை, மேடையில் ஆயிரம் பேசுவார்கள். மேடையேறுவதற்கு முன்னால் ஒலிபெருக்கிக்காரனைக் கூப்பிட்டு, அந்த ஒரு குழாயை மட்டும் மேலத்தெருப் பக்கம் திருப்பிக் கட்டு என்று சொன்னாளே. சொன்னது அவள்தான். வேறு யாருக்கும் தெரியாது. அவன் வேப்பமரத்தில் ஏறிக் கயிற்றை அவிழ்த்துத் திருப்பிக் கட்டினதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் வடக்கே, என்று கையால் காட்டினாள். அவனுக்கும் அது வேலை. கட்டச் சொன்னார்கள், கட்டினான். ஜெயித்த பிறகு பழமும் சத்துமாவு டப்பாவும் வாங்கிக்கொண்டு, போட்டோகிராபரோடு, நலம் விசாரிக்கப் போனாள். அவர் அவளைப் பார்த்தார். இழுத்துக்கொண்ட வாய் இன்னும் இழுத்தது, ங்ஙா என்று ஏதோ வந்தது, எச்சில் ஒரு நூலாக இறங்கி வேட்டியில் சொட்டியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. கோணின வாயில் ரெண்டும் ஒன்றுதான். கிட்டத்தில் துண்டு கிடந்தது. எடுத்துத் துடைத்துவிட்டால் என்ன என்று கை நினைத்தது. ஆனால் அந்த எச்சிலைப் பார்த்துக் குடல் புரண்டது, குடலைப் புரட்டிச் சோறு தின்ற ஒச்சம்மாவுக்கு ஒரு கிழவரின் எச்சிலைப் பார்த்துக் குடல் புரண்டது. அவருடைய பெண்சாதி வந்து துடைத்தாள். துடைத்துவிட்டு, "பழம் எதுக்குத்தா, மெல்ல முடியாது," என்றாள், அதில் கோபம்கூட இல்லை. போட்டோகிராபர் இன்னொரு தடவை சேர்ந்து நிற்கச் சொன்னான், நின்றாள்.

சந்தைத் திடல் தெரிந்தது. துணிப்பந்தல், வாடகை நாற்காலி, குழாயில் வயலின் அழுதுகொண்டிருந்தது. இவ்வளவு தூரம் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது திடலைப் பார்த்ததும் திடீரென்று பயமாக மாறியது. இனிமேல் யாரோடு? காலையில் எழுந்ததும் யாரை நினைத்துப் பல்லைக் கடிப்பது? அந்த ஆளு என்ன சொல்வானோ என்று யோசித்துத்தான் இருபது வருஷமாகச் சேலை கட்டியிருக்கிறாள், வார்த்தையைத் திருத்தியிருக்கிறாள், கணக்காகச் சிரித்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டுகூட அந்த ஆளு, கருக்கம்பட்டிக்கு அது வந்தால் என் மீசையைச் சிரைக்கிறேன் என்று சொன்னதற்காக வாங்கி வந்ததுதானே, ஊர் ஜனம் வெயிலில் நிற்கிறதே என்றா வாங்கினாள்? ஊர் ஜனத்துக்காக என்று மேடையில் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கு அடியிலும் அந்த மூக்கும் அந்தத் துண்டும். அப்படியானால் தனக்கென்று தான் ஆசைப்பட்டுச் செய்தது ஒன்றாவது உண்டா? யோசித்துப் பார்த்தாள். அங்கன்வாடிச் சாக்கடை. அதுதான், அது ஒன்றுதான், அதை அவள் பதவிக்கு வந்த பிறகு கட்டினாளா? கட்டினாளா இல்லையா? நினைவுக்கு வரவில்லை. யாரையாவது கேட்கலாம். ஜெயபாண்டியைக் கேட்டால், எந்தச் சாக்கடைக்கா என்பான்.

மேடையில் நடுநாற்காலியில் உட்கார வைத்தார்கள், தலைவி என்கிற மரியாதைக்கு. படத்துக்கு மாலை போட்டாள். போடும்போது கண்ணைப் பார்க்காமல் சட்டைப் பையைப் பார்த்துப் போட்டாள். பிறகு ஒவ்வொருத்தராகப் பேசினார்கள். ஜெயபாண்டி பேசும்போது, "அண்ணன் நெனப்பு வந்தா எனக்குச் சோறு எறங்காது," என்று விம்மினான், முதல் வரிசையில் ஒரு கிழவர் கூச்சமில்லாமல் தரையில் காறித் துப்பினார், ஒச்சம்மாவுக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. ஆலோசிப்போம், ஆலோசிப்போம். அப்போது இளவஞ்சி எழுந்து நாலாக மடித்த தாளை விரித்தாள். தன்னலமற்ற, தாயுள்ளம் கொண்ட, என்று ஆரம்பித்து முதல் பத்தி போனது, ரெண்டாவது பத்தி போனது, குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூன்றாவது பத்தி: "அமரரின் நினைவைப் போற்றும் வகையில், நமது புதிய பேருந்து நிலையத்துக்கு சுருளிநாதன் பேருந்து நிலையம் எனப் பெயர் சூட்ட வேண்டுமென்று, பேரூராட்சித் தலைவர் திருமதி ஒச்சம்மாள் அவர்கள் பெருந்தன்மையோடு முன்மொழிய, இந்த அனைத்துக் கட்சிக் கூட்டம் அதை ஒருமனதாக ஏற்கிறது. ஏற்பதன் அடையாளமாக அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

திடல் முழுக்க நாற்காலி கரகரத்தது. ஐந்நூறு பேர் எழுந்தார்கள். ஜெயபாண்டி எழுந்துவிட்டான், எழுந்த பிறகுதான் அவனுக்கு விஷயம் உறைத்து இவளைப் பார்த்தான். ஒச்சம்மா மட்டும் இன்னும் உட்கார்ந்திருந்தாள், ஒரு விரல் சொடுக்குகிற நேரம். உட்கார்ந்திருந்தால் செத்தவரை அவமதித்தவள், மேலத்தெருவோடு மற்றத் தெருக்களும் போச்சு. எழுந்தால் கண்டக்டர் காலம் முழுக்கத் தகரத்தில் தட்டுவான். நான் முன்மொழியவில்லை என்று சொல்லணும் என்றால் வாயைத் திறக்கணும், மௌன நிமிஷத்தில் வாயைத் திறந்தவள் என்று அதற்கும் ஒரு பேர் வரும். பேப்பர்காரன் எழுதிக்கொண்டிருந்தான். முழங்கால் தானாக நிமிர்ந்தது, எழுந்துவிட்டாள். ஒரு தாள் பாக்கியில்லாமல் வாசித்த ஒச்சம்மா, தொடக் கூசி வாசிக்காமல் விட்ட ஒரே தாள். அந்த நிமிஷம் முழுக்க அவள் பார்வை இளவஞ்சியின் முதுகில் இருந்தது. ஒல்லியான, வேர்வையில் ரவிக்கை ஒட்டின முதுகு. கெட்டிக்காரி, என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது. தாளைக் காட்டாமல் ஏமாற்றவில்லை, நீட்டினாள், ரெண்டு தடவை கேட்டாள். ஏமாற்றியிருந்தால் திட்டலாம். இந்தப் பிள்ளையை இந்த அளவுக்கு ஆளாக்கினது யார் என்று நினைப்பு அடுத்த அடி எடுத்து வைக்கப் போனது, வைத்தால் வாந்தியே வந்துவிடும் என்று பல்லைக் கடித்து அதை அங்கேயே நிறுத்தினாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. மோந்து பார்க்கவில்லை.

நிமிஷம் முடிந்தது. யாரோ ஒருத்தன் கைதட்டினான், இரங்கல் கூட்டத்தில் தட்டக் கூடாது, ஆனால் தட்டினான், மேலத்தெருப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒச்சம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்கள், பெரிய மனசு தாயி, என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். ஜெயபாண்டி காதில் வந்து, "அக்கா, மாவட்டம் சொன்னதுக்கு இதுவும் நல்லதாத்தான் போச்சு," என்றான், வெற்றிலை வாசம் கன்னத்தில் அடித்தது. அவனைத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய் ஒரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளணும் போல இருந்தது. படியைப் பார்த்து ஒரு அடி வைத்தாள். இளவஞ்சி இன்னும் மைக் முன்னால்தான் நின்றாள். திரும்பி, சின்னப் பிள்ளை மாதிரி அவ்வளவு மரியாதையோடு சிரித்தாள்.

"தலைவரம்மா இன்னைக்கு இந்த நாற்காலியில உக்காந்திருக்காங்கன்னா அதுக்குக் காரணமே நம்ம அமரர்தான். அது எப்படிங்கிறதை இப்ப அவங்க வாயாலேயே நம்ம எல்லாரும் கேப்போம்," என்று சொல்லிவிட்டு, மைக்கின் திருகைத் தளர்த்தி, ஒச்சம்மாவின் வாய் உயரத்துக்குச் சரியாக இறக்கி, இறுக்கி, விரலால் ரெண்டு தட்டுத் தட்டிச் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, ஒதுங்கி நின்றாள்.